வன்னி வழியாக வடக்கு–தெற்கு வர்த்தகப் பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை அதிவேக வீதி வரும் என்ற பேச்சு போர் முடிந்த காலத்திலிருந்தே இருக்கிறது. மத்திய அதிவேக வீதியின் ஒரு துண்டில், மீரிகமவிலிருந்து குருநாகல் வரை, 2022 ஜனவரி முதல் வாகனங்கள் ஓடுகின்றன. கடவத்தை–மீரிகம துண்டு பாதியில் நின்று, 2025 இல்தான் வேலை மீண்டும் தொடங்கியது. தம்புள்ளைக்கு வடக்கே இன்னும் மண் வெட்டப்படவில்லை.

இந்தப் பாதை வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. யாழ்ப்பாணத்துக்குக் கார்கள் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. வவுனியாவுக்கும் ஆனையிறவுக்கும் இடையில் கிடக்கும் ஊர்களின் விளைச்சல் நல்ல விலைக்கு வெளியே போக வேண்டும் என்பதற்காகவே கேட்கிறேன். முதல் நோக்கத்துக்கு ஒருவித வீதி போதும். இரண்டாவதற்கு வேறுவிதமான வீதி வேண்டும். பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு அந்த வேறுபாட்டை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

ஏ9 வீதிதான் இருக்கிறதே, போதாதா?

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை சுமார் 320 கிலோமீற்றர் நீளும் ஏ9, போர்க்காலத்தில் பல வருடங்கள் மூடிக் கிடந்த வீதி. 2002 இல் திறந்தது, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது, போர் முடிந்து 2009 இறுதியில்தான் பொதுமக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. பிறகு காப்பெற் போட்டார்கள். இன்று அது நல்ல வீதி என்பதில் எனக்கு மறுப்பில்லை.

சிக்கல் அதன் மேற்பரப்பில் இல்லை. அதில் யார் யார் போகிறார்கள் என்பதில் இருக்கிறது. பங்குனி மாதத்தில் ஓமந்தையிலிருந்து பரந்தன் வரை போய்ப் பாருங்கள். வீதியோரத்தில் படங்கு விரித்து நெல் காயப் போட்டிருப்பார்கள். பின்விளக்கு இல்லாத பெட்டியை இழுத்துக்கொண்டு லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) ஒன்று முன்னால் போகும். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மூன்று பேர் சமாந்தரமாகச் சைக்கிளில் வருவார்கள். இருட்டிவிட்டால், சூடு ஆறாத தாரில் மாடுகள் படுத்துக்கொள்ளும். இத்தனைக்கும் நடுவே கொழும்பு பஸ்ஸும் கொள்கலன் லொறியும் ஒன்றையொன்று முந்துகின்றன. முந்துவதற்கு எதிர்த்திசைப் பாதையை விட்டால் வேறு இடம் கிடையாது.

கிளிநொச்சியில் இது இன்னும் மோசம். நகரமே ஏ9 இன் இரு கரையிலும் நீளவாக்கில் வளர்ந்த நகரம். கச்சேரி, ஆஸ்பத்திரி, வங்கி, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் இதே வீதியில்தான் ஏறி இறங்க வேண்டும். ஒரு நாட்டின் பிரதான சரக்குப் பாதையும் ஒரு பட்டணத்தின் கடைத்தெருவும் ஒன்றாக இருக்கும்போது இரண்டுமே கெடுகின்றன. லொறிக்கு நேரம் போகிறது, ஊராருக்கு உயிர் போகிறது.

“வர்த்தகப் பாதை” என்றால் அதிவேக வீதிதானே?

அதிவேக வீதி அதன் ஒரு பகுதியாக இருக்கலாம். வர்த்தகப் பாதை என்பது வீதி, அதில் ஏறி இறங்கும் சந்திகள், சந்திகளுக்குப் பக்கத்தில் விளைபொருள் சேகரிப்பு நிலையம், குளிர்க்களஞ்சியம், லொறிச் சாரதிகள் படுத்தெழும்ப இடம், ரயில் நிலையத்தில் சரக்கு முற்றம் எல்லாம் சேர்ந்தது. வீதியை மட்டும் போட்டுவிட்டு மற்றதெல்லாம் தானாக வரும் என்று விட்டால் வராது. தெற்கில் அதைப் பார்த்திருக்கிறோம்.

தெற்கு அதிவேக வீதி நமக்குச் சொல்லித் தருவது என்ன?

கொட்டாவையிலிருந்து காலி வரையான பகுதி 2011 நவம்பரில் திறந்தது. 2014 இல் மாத்தறையைத் தொட்டது. 2020 பெப்ரவரியில் மத்தளை, அம்பாந்தோட்டை வரை நீண்டது. கரையோர வீதியில் மூன்று மணித்தியாலம் எடுத்த காலிப் பயணம் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. காலிக்கும் அதைச் சுற்றியுள்ள உல்லாசப் பயணத் தொழிலுக்கும் இதனால் பெரும் பலன் கிடைத்தது.

கடைசித் துண்டு வேறு கதை. மாத்தறைக்கு அப்பால் வாகனங்கள் மெலிந்துவிடுகின்றன. வீதியும் துறைமுகமும் விமான நிலையமும் இருந்தும், எதிர்பார்த்த அளவுக்குத் தொழில் அங்கே வந்து குவியவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு விளங்குவது இதுதான்: ஏற்கெனவே விளைச்சலும் வியாபாரமும் இருந்து, போக வழியில்லாமல் மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு வீதி உயிர் கொடுக்கும். எதுவும் இல்லாத இடத்தில் வீதி தனியாக எதையும் முளைக்க வைக்காது.

வன்னியில் விளைச்சல் இருக்கிறது. அதனால்தான் இந்த வழக்கை என்னால் வாதாட முடிகிறது.

ஒரு மணித்தியாலம் மிச்சம் பிடித்தால் கமக்காரனுக்கு என்ன கிடைக்கும்?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வடக்கின் மரக்கறி பெரும்பாலும் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கோ கொழும்புக்கோதான் போகிறது. 1999 இல் தொடங்கிய தம்புள்ளைச் சந்தை இன்று நாட்டின் மரக்கறி விலையைத் தீர்மானிக்கும் இடம். அங்கே விலை அன்றைக்கு எத்தனை லொறி வந்து நிற்கிறது, எப்போது வந்தது என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். முதலில் வந்த பீட்றூட்டுக்கு ஒரு விலை. வாங்குகிறவர்கள் லொறியை நிரப்பிக்கொண்டு கிளம்பிய பிறகு வந்து சேரும் பீட்றூட்டுக்கு, தந்ததை வாங்கிக்கொண்டு போகும் விலை. பொருள் ஒன்றுதான், இடையில் போனது நேரம் மட்டும்தான்.

இந்த நட்டத்தை லொறிக்காரரோ முகவரோ தன் கையிலிருந்து கட்டமாட்டார். பிந்தினாலும் பிந்தும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, தோட்டத்திலேயே விலையைக் குறைத்துத்தான் எடுப்பார். அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அவர் தொழில் அப்படி. ஆனால் வீதியின் நிச்சயமின்மைக்கு விலை கொடுப்பது கடைசியில் வெங்காயம் கிண்டியவர்தான்.

அடுத்தது சேதம். அறுவடைக்குப் பிறகு நாட்டின் மரக்கறி, பழங்களில் 30 முதல் 40 சதவீதம் வீணாகிறது என்பது பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு. சாக்கில் அடைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றி, வெயிலில் பல மணித்தியாலம் குலுங்கிப் போனால் அடிமூடை நசியாமல் என்ன செய்யும்? பிளாஸ்டிக் கூடைக்கு மாறச் சொல்லி அதிகாரிகள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கூடை இடத்தை அடைக்கும், ஒரு லொறியில் குறைவாகத்தான் ஏறும். ஒரு நாளில் ஒரு நடைதான் போக முடியும் என்றால் சாக்குதான் கட்டுபடியாகும். நடை கூடினால்தான் கூடைக்கு மாற முடியும்.

மீன் இன்னும் அவசரமான பொருள். முல்லைத்தீவில் விடியற்காலை கரைக்கு வரும் மீன் அடுத்த விடியலுக்குள் கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தையில் நிற்க வேண்டும். வழியில் போகும் ஒவ்வொரு மணித்தியாலமும் கூடுதல் ஐஸ். அந்த ஐஸின் காசு மீனவரின் பங்கிலிருந்து கழிகிறது.

நெல்லின் கதை வேறு. காலபோக அறுவடை முடிந்ததும் வெளிமாவட்ட வியாபாரிகள் வயல்கரைக்கே வந்து ஈர நெல்லாக வாங்கிக்கொண்டு போகிறார்கள். பொலன்னறுவைப் பக்கத்து ஆலைகளில் அது அரிசியாகி, பைக்குள் புகுந்து, கிளிநொச்சிக் கடைக்கே திரும்பி வருகிறது. நெல்லுக்கு வீதி மட்டும் உதவாது. உலர்த்தும் தளமும் களஞ்சியமும் ஆலையும் பாதையோரத்தில் வேண்டும். மேலே “எல்லாம் சேர்ந்தது” என்று எழுதியது இதற்காகத்தான்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது: திரும்பும் லொறி. தெற்கிலிருந்து சீமெந்து, மா, சீனி, கடைச் சாமான் ஏற்றி வரும் லொறி போகும்போது என்ன ஏற்றுகிறது? அறுவடைக் காலத்தில் ஏதாவது கிடைக்கும். மற்றக் காலத்தில் பாதி வெறுமையாகப் போகும். ஆகவே வரும் சாமானின் விலையிலேயே திரும்பும் வெறும் லொறியின் ஹையரும் சேர்ந்துவிடுகிறது. ஒரு காலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்தும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின் உற்பத்தியும் வடக்கிலிருந்து தெற்கே போயின. போரோடு இரண்டும் நின்றன. ஆனையிறவு உப்பு இப்போது மறுபடி பொதி செய்யப்பட்டு வெளியே போகிறது. இப்படி இன்னும் பத்துப் பொருள் வேண்டும்.

பாதையில் முக்கியமான இடம் எது?

என்னைக் கேட்டால் மாங்குளம்.

ஏ9 இலிருந்து முல்லைத்தீவுக்குப் பிரியும் வீதி அங்கேதான் தொடங்குகிறது. ஒட்டுசுட்டான் வழியாகச் சுமார் 50 கிலோமீற்றரில் கடல். மேற்கே துணுக்காய், மல்லாவி வழியாக வெள்ளாங்குளம் போய் மன்னார்–பூநகரி வீதியில் ஏறலாம். ரயில் பாதை ஏ9 க்குப் பக்கத்திலேயே ஓடுகிறது, நிலையமும் அங்கேயே இருக்கிறது. வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களுக்கும் நடுவில் வீதியும் ரயிலும் இப்படிச் சந்திக்கும் வேறு இடம் இல்லை.

அடுத்தது பரந்தன். புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்கும், இந்தப் பக்கம் பூநகரிக்கும் அங்கிருந்து போகலாம். வவுனியாவைச் சொல்லத் தேவையில்லை. மன்னாருக்கும் திருகோணமலைப் பக்கத்துக்கும் வழி பிரியும் ஊர்.

இறங்குசந்திகள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் யாழ்ப்பாண வாசலிலும் மட்டும் என்று ஒரு வரைபடம் வந்தால், அதை எதிர்ப்பவர்களில் முதல் ஆளாக நிற்பேன். அப்படிப் போட்டால் வன்னியின் நடுப்பகுதிக்குக் கிடைப்பது வாகன இரைச்சல் மட்டும்தான். 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டத்தில் சுமார் 92,000 பேர், கிளிநொச்சியில் 113,000 பேர். இந்த எண்ணிக்கைக்கு இத்தனை சந்தி எதற்கு என்று திட்டமிடும் மேசையில் யாராவது கேட்கத்தான் செய்வார்கள். தலையை எண்ணாதீர்கள், அங்கிருந்து எத்தனை தொன் நெல்லும் மீனும் மரக்கறியும் வெளியே போகிறது என்று எண்ணுங்கள் என்பதே என் பதில்.

ரயில் இருக்கிறதே? யாழ்தேவி மறுபடி ஓடுகிறதே?

2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பியது பெரிய காரியம். சீமெந்து, உப்பு, எரிபொருள், அரிசி போன்ற பாரமான, கெட்டுப்போகாத சரக்குக்கு ரயில்தான் சரி. ஆனால் நாட்டின் சரக்கில் ரயில் இன்று சுமப்பது மிகச் சிறு பங்கு. சரக்குப் பெட்டிகளும் முற்றங்களும் போதாது. தோட்டத்திலிருந்து சந்தை வரை போகும் மரக்கறிக்கு எப்படியும் லொறி வேண்டும். இரண்டையும் மாங்குளத்தில் கைகோக்க விடலாம். ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்கத் தேவையில்லை.

நாடு கடனில் கிடக்கிறது. பணம் எங்கே?

நியாயமான கேள்வி, இதைத் தட்டிக் கழிக்க முடியாது. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியது. கடவத்தை–மீரிகம வேலை பாதியில் நின்றதும் அதனோடு சேர்ந்த கதைதான். அதற்குச் சீனக் கடனை நம்பியிருந்தார்கள். தூண்கள் வருடக்கணக்கில் வெயிலில் நின்றதை அந்தப் பக்கம் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். மொத்த வட மாகாணத்தின் சனத்தொகை 2012 இல் பத்து இலட்சத்து அறுபதாயிரம். இங்கே நாலு ஒழுங்கை அதிவேக வீதியைப் போட்டு, கட்டணத்தால் கடனை அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆகவே படிப்படியாகப் போக வேண்டும். முதலில் பாதைக்கான நிலத்தை அளந்து ஒதுக்கி வையுங்கள். இன்று பற்றைக்காடாகக் கிடக்கும் இடத்தில் பத்து வருடத்தில் வீடுகள் நிற்கும். அப்போது எடுத்தால் காசும் கூட, கண்ணீரும் கூட. அடுத்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் புறவழி. ஒவ்வொன்றும் தனியாகவே பயன் தரும், மற்றது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிறகு ஏ9 இல் சில கிலோமீற்றருக்கு ஒருமுறை முந்திச் செல்லும் ஒழுங்கை, லான்ட்மாஸ்டருக்கும் சைக்கிளுக்கும் ஓரத்தில் தனிப் பாதை. சேகரிப்பு நிலையங்களையும் இதே கட்டத்தில் தொடங்கலாம். பாலம் கட்டும் செலவில் ஒரு சிறு பங்குதான் அவற்றுக்கு ஆகும். மத்திய அதிவேக வீதி தம்புள்ளையை எட்டிய பிறகு, புறவழிகளை இணைத்து இரு ஒழுங்கை வீதி, நாலாக விரிக்க இடம் விட்டு. நாலு ஒழுங்கை எப்போது என்பதை வாகன எண்ணிக்கை சொல்லட்டும்.

காணி போய்விடுமே?

கொஞ்சக் காணி போகும். அதை மறைத்துப் பேசினால் இந்தப் பாதைக்காக வாதாட எனக்குத் தகுதி இல்லை.

தெற்கு அதிவேக வீதிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடு பெயர்ந்தன. வடக்கில் அந்தச் சொல்லே வேறு பாரம் சுமக்கிறது. ஒருமுறை அல்ல, ஐந்து ஆறு தடவை இடம்பெயர்ந்து, கடைசியில் தறப்பாளின் கீழிருந்து எழும்பி வீடு கட்டிய சனத்திடம் மறுபடி எழும்பச் சொல்வது இலேசான காரியம் அல்ல. பாதையின் கோடு குடியிருப்பை விட்டு விலகிப் போக வேண்டும் என்பது முதல் நிபந்தனை.

இரண்டாவது, உறுதி (சொந்த உரிமைப் பத்திரம்) இல்லாத காணி. வன்னியில் ஏராளமானோர் இருப்பது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியில். அந்தப் பத்திரமும் பலருக்குப் போரில் தொலைந்துவிட்டது. சிலருக்குப் பெற்றோரின் பெயரிலேயே கிடக்கிறது. உறுதி இருக்கிறவருக்கு முழு நட்டஈடு, பத்திரம் தொலைத்தவருக்கு மரத்துக்கும் மதிலுக்கும் மட்டும் காசு என்று வந்தால் அது அநியாயம். கோடு போடுவதற்கு முன்பே பிரதேச செயலகங்கள் ஊர் ஊராக இருந்து பத்திரங்களைப் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, வயலை இரண்டாகப் பிளப்பது. அதிவேக வீதியில் மோட்டார்சைக்கிள், ஓட்டோ, லான்ட்மாஸ்டர் ஏற முடியாது. வன்னியில் சனம் போய்வருவது இந்த மூன்றிலும்தான். வீட்டுக்கும் வயலுக்கும் நடுவே வேலி விழுந்தால், ஐந்து நிமிடத் தூரம் ஐந்து கிலோமீற்றர் ஆகிவிடும். வண்டில் பாதை குறுக்கிடும் இடமெல்லாம் சுரங்க வழி வேண்டும், அதுவும் நெல் ஏற்றிய பெட்டி நிமிர்ந்து போகும் உயரத்தில்.

குளமும் காடும் யானையும் என்ன ஆகும்?

வன்னி குளங்களின் நாடு. ஒரு குளம் வான் பாய்ந்தால் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த குளத்துக்கு. இதற்குக் குறுக்கே மண் அணைபோல உயர்த்திய வீதி விழுந்தால் மேல்பக்கத்து ஊர் மூழ்கும், கீழ்ப்பக்கத்து வயல் காயும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை மறந்துவிட்டு மதகின் அளவைத் தீர்மானிக்கக்கூடாது. எந்த வாய்க்காலில் எவ்வளவு வரும் என்று ஊர்க் கமக்காரர் அமைப்புக்குத் தெரியும்; அவர்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கட்டும்.

யானைக்கும் வழி வேண்டும். வவுனியாவுக்குத் தெற்கிலும் வடக்கிலும் அவை நடமாடும் இடங்களில் வீதியைத் தூணில் தூக்கிவிடுவதுதான் நல்லது. செலவு கூடும், கூடட்டும்.

ஏ9 ஓரத்துக் கடைகள் படுத்துவிடாதா? முறிகண்டியில் இனி யார் நிற்பார்கள்?

முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்காமல் அந்த இடத்தைக் கடக்கும் சாரதிகள் குறைவு. கோயிலைச் சுற்றியிருக்கும் கச்சான் கடைகளை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. கச்சான் வறுத்துப் பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மார் அங்கே இருக்கிறார்கள். புறவழி வந்தால் அடி முதலில் விழுவது அவர்கள் தலையில்தான்.

கொழும்பு பஸ்கள் பல ஊர்களில் ஆள் ஏற்றி இறக்க வேண்டும், அதனால் ஏ9 இலேயே ஒரு பங்கு ஓட்டம் தொடரும். கிட்டவே இறங்குசந்தி இருந்தால், நேர்த்தி வைத்தவர்கள் எப்படியும் வருவார்கள். ஆனால் இதை மட்டும் நம்பி இருக்க முடியாது. அதிவேக வீதிகளின் ஓய்விடங்களில் பெரிய கம்பனிகளின் கடைகளே எடுப்பாகத் தெரிகின்றன. கேள்விப்பத்திரம் போட்டு இடம் எடுக்கக் கச்சான் விற்பவரால் முடியாது. வன்னி ஓய்விடங்களில் குறிப்பிட்ட அளவு இடம் அந்தந்தப் பிரதேசத்துக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பெண்கள் சங்கங்களுக்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். கட்டி முடித்த பிறகு கேட்டால் கிடைக்காது.

இந்தியாவோடு வர்த்தகத்துக்கு உதவுமா?

பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி வந்தது. இன்று அதில் வருவோர் பெரும்பாலும் பயணிகள். காங்கேசன்துறை சரக்குத் துறைமுகமாக வளர்ந்தால் அங்கே இறங்கும் பொருள் தெற்கே போக ஒரு பாதை தேவைப்படும், திரும்பும் லொறியின் சிக்கலும் பாதி தீரும். ஆனால் துறைமுகத்தை எதிர்பார்த்து இந்தப் பாதையைக் கேட்கவில்லை. உள்ளூர் விளைச்சலே அதற்குப் போதுமான காரணம்.

எங்கள் பக்கம் நில அளவையாளர்கள் வந்தால் என்ன செய்வது?

முதலில், எந்தத் திணைக்களத்திலிருந்து, எந்த வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின்படி இரண்டாம் பிரிவு அறிவித்தல் வந்தால், உங்கள் காணி ஒரு பொதுத் தேவைக்கு வேண்டியிருக்கலாம் என்று பொருள். காணி போய்விட்டது என்று பொருள் இல்லை. நான்காம் பிரிவு அறிவித்தல் வந்தால் ஆட்சேபனை எழுதலாம். ஏழாம் பிரிவு வந்தால் நட்டஈட்டு உரிமையைக் கோர வேண்டும். அதில் போட்டிருக்கும் திகதியைத் தவற விடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் சகோதரங்களுக்கும் அறிவித்தலின் படத்தை அன்றைக்கே அனுப்புங்கள், பங்குக் காணி என்றால் அவர்களின் கையெழுத்தும் தேவைப்படும்.

10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தேசிய நெடுஞ்சாலைக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்தாக வேண்டும். அந்த அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்; கருத்துச் சொல்ல 30 வேலை நாட்கள் உண்டு. பிரதேச செயலகத்தில் அதை வாங்கி, வரைபடத்தில் உங்கள் வாய்க்காலையும் வண்டில் பாதையையும் கிட்டிய இறங்குசந்தியையும் தேடுங்கள். இல்லாததை எழுத்தில் கேளுங்கள். தனித்தனியாக எழுதுவதைவிட, கமக்காரர் அமைப்பும் மீனவர் சங்கமும் கையெழுத்துச் சேர்த்து ஒரே கடிதமாகக் கொடுத்து, கிடைத்ததற்குத் திகதி போட்ட ஒரு பிரதியை வாங்கி வையுங்கள்.